தேடினால் முதலில் வரும் பக்கம்

யாராவது இணையத்தில் வேலை தேடினால், தன் நிறுவனத்தின் பக்கம் மற்ற எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கும்படி செய்வதுதான் அவள் உத்தியோகம். நிறுவனம் ஆள் பிடித்துக் கொடுப்பது. கம்பெனிகளுக்கு ஆள், ஆட்களுக்குக் கம்பெனி. மக்கள் என்னென்ன சொற்களைத் தட்டித் தேடுகிறார்கள் என்று பார்த்து, அந்தச் சொற்களை வைத்தே அவள் பக்கங்களை எழுதுவாள். முதலாளிக்கு அவளைப் பிடிக்கும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்ற பழமொழியில் முதல் பாதியை மட்டும் பாடம் பண்ணியவர் அவர். அலுவலகத்தில் அவளுக்கு ‘முதலிடம்’ என்றே பட்டப்பெயர். வீட்டில் அவள் பாப்பா, முப்பது தாண்டியும்.

ஒரு நாள், ‘ஐம்பது வயதுக்கு மேல் வேலை’ என்று தேடுகிறவர்கள் ஏராளம் என்பதையும், அவர்களுக்கென்று யாரும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை என்பதையும் அவள் கவனித்தாள். முதலாளி துள்ளிவிட்டார். அந்த வயதில் ஆள் கேட்கிற கம்பெனி நம்மிடம் ஒன்றுகூட இல்லையே என்று அவள் இழுத்தாள். கடையைத் திறந்து வைத்தால்தானே சரக்கு வரும், கூட்டத்தைப் பார்த்தால் கம்பெனிகள் தானாக வரும் என்றார் அவர். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வழக்கமாகக் காபி ஆறுவதற்குள் ஒரு பக்கத்தை முடித்துவிடுகிறவள், இதை அடித்து அடித்து எழுதினாள். எழுதும்போதெல்லாம் மாமா முகம் வந்தது. அம்மாவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், வெளியே வேலை செய்துகொண்டே அவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். கதவு திறப்பதற்குள் அவர்கள் பயத்தை மறந்திருப்பார்கள். அவருடைய கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கி, இளவட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டது. ஐம்பத்து நான்கு வயதில் மாமா வீட்டோடு இருந்தார். போன இடமெல்லாம் வயதைக் கேட்டதும் முகம் மாறுகிறது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

‘வயதைக் கேட்டதும் முகம் மாறாத நிறுவனங்களும் இருக்கின்றன. உங்கள் கைக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது’ என்று அவள் பக்கத்தைத் தொடங்கினாள். கீழே பதிவு செய்ய ஒரு பொத்தான்.

பக்கம் மளமளவென்று ஏறி முதலிடத்துக்கு வந்தது. போன் ஓயவில்லை. வரவேற்பில் இருந்த பெண் அவளிடம் வந்து, அப்பா வயதுக்காரர்களெல்லாம் போனில் நன்றி சொல்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டாள். பதிவு செய்துகொண்டோம், கூப்பிடுகிறோம் என்று சொல்லச் சொன்னாள் இவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். முகத்தில் பழைய களை. அம்மாதான் அடுப்படியில் பொருமினாள். பழைய சிநேகிதர் ஒருவர் ஆஸ்பத்திரியில் பராமரிப்பு வேலை ஒன்றைப் பேசி வைத்திருந்தாராம். லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் மாமா பொறுப்பு. சம்பளம் கம்மி. இதைவிட நல்லதாக ஒன்று வருகிறது என்று மாமா வேண்டாம் என்றுவிட்டார். “அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆகப் போகுது,” என்றாள் அம்மா.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா அவளைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

“உன் ஆபீஸ்லதான் பாப்பா பதிஞ்சிருக்கேன். வேணும்னுதான் உன்கிட்ட சொல்லலை. மாமாவுக்கு சிபாரிசு பண்ணினான்னு நாளைக்கு உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது.”

போனை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். வரிக்கு வரி அவருக்கு மனப்பாடம்.

“இதை எழுதினவர் நல்லா அடிபட்டவரா இருக்கணும். என் மனசுல இருந்ததை அப்படியே எழுதியிருக்கார். யாரும்மா அவர்?”

பெரிய ஆபீஸ் மாமா, எல்லாரையும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாள். அலுவலகமே ஒரு வேனில் அடங்கிவிடும்.

மறுநாள் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். மாமா பெயர் இருந்தது. மற்றவர்களுடையதைப் போலவே அதையும் ஒருவரும் தொட்டிருக்கவில்லை. நேரே முதலாளி அறைக்குப் போய், அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்றாள். அவர் கோபப்படவில்லை. இரண்டு கம்பெனிகளிடம் தானே பேசிப் பார்த்ததாகவும், நாற்பதைத் தாண்டினால் வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். ஆனால் அந்தப் பக்கத்துக்கு வருகிற கூட்டத்தால் மற்றப் பக்கங்களும் மேலே ஏறிக்கொண்டிருந்தன. மேலே வந்ததை யாராவது கீழே தள்ளுவார்களா என்று கேட்டார். இப்போதைக்கு வேலை இல்லை என்று ஒரு வரியாவது போடலாம் என்றாள்.

“ஆஸ்பத்திரி வாசல்ல டாக்டர் இல்லைன்னு போர்டு மாட்டுவாங்களாம்மா?”

டாக்டர் இல்லையென்றால் மாட்டத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தன் இருக்கைக்குத் திரும்பினாள்.

அன்று மாலை மாமா வீட்டுக்குப் போனாள். அவர் அயர்ன் பாக்ஸின் ஒயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“அந்த வேலை எதுவும் இல்லை மாமா. யாரும் கூப்பிட மாட்டாங்க. அதை எழுதினது நான்தான்.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“தேடினா முதல்ல வந்துச்சு. முதல்ல வர்றது சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்.” பிறகு, “என்னை நினைச்சா எழுதின?” என்று கேட்டார்.

“ஆமாம் மாமா.”

“நல்லாத்தான் எழுதியிருக்க.”

திட்டியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். அவர் எழுந்து போய்ச் சிநேகிதருக்குப் போன் போட்டார். அவர் பேசியது மட்டும் கேட்டது. அப்படியா, பரவாயில்லை, நான்தானே வேண்டாம்னேன் என்றார். அந்த இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது.

அடுத்த நாள் யாரையும் கேட்காமல் பக்கத்தின் உச்சியில் அந்த வரியைப் போட்டாள்: ‘ஐம்பது கடந்தவர்களுக்கு எங்களிடம் தற்போது வேலை எதுவும் இல்லை.’ வரவேற்பில் போன் மணி குறைந்தது. முதலாளி கண்ணில் பட்டதும், அவள் எதிரிலேயே அதை அழித்துவிட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். பக்கம் அங்கேயே இருந்தது. அவள் எழுதியதுதான், ஆனால் அது கம்பெனியின் சொத்து. அதன் வழியாக வந்தவர்களில் எத்தனை பேர் கையில் இருந்ததை விட்டார்கள் என்று அவளால் தெரிந்துகொள்ள முடியவில்லை. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை.

மாமாவுக்கு வேறு ஊரில், ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. லிஃப்டே இல்லாத ஒற்றை மாடிக் கட்டடம். வாரம் ஒருமுறை அம்மாவுக்குப் போன் செய்வார். முன்பெல்லாம் எடுத்ததும் பாப்பாகிட்ட குடு என்பார். இப்போது பாப்பா நல்லா இருக்காளா என்று கேட்பதோடு சரி. ஒருநாள் அம்மாவே போனை அவள் கையில் திணித்தாள். மாமா பேசுவதில் குறை வைக்கவில்லை. சாப்பிட்டியா என்றார், உடம்பைப் பாத்துக்கோ என்றார், அங்கே கொசு அதிகம் என்று சிரித்தார். வேலையை விட்டவளுக்கு வேறு வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.