முதுகுப் பக்கம்

கடைவீதியில் அவரை எல்லோரும் கஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். லாண்டரிக்காரர். அவர் கஞ்சி போட்டால் சட்டை தானே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்று பேர். பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் உடுப்புகளும் அவரிடம்தான் வெளுக்க வந்தன. கிழிந்த துணிக்கு டார்னிங்கும் செய்வார். அதே துணியின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, இழைக்கு இழை கோத்து ஓட்டையை மூடிவிடுவார். வாங்க வந்தவர்கள் கிழிசல் எங்கே போச்சு என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தால், "தேடாதீங்க, எனக்கே தெரியாது" என்பார். கொஞ்சம் தலைக்கனம் பிடித்த ஆள்தான்.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி. செல்லப் பேர் வாலு. பைக்கில் வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வாய் காதுவரைக்கும் நீளம். "நம்ம நிறத்துக்காரன் ஓடினா திருடன், அவங்க நிறத்துக்காரன் ஓடினா தொப்பையைக் குறைக்கிறான். அதனால நான் எப்பவும் நடந்துதான் போவேன் மாமா" என்பான். சொன்னபடி நடந்திருக்கலாம். பாலத்தடியில் போலீஸ் மறித்து அடிக்கத் தொடங்கியதும் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கத்தியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான், நெஞ்சில் சுட்டோம் என்றது போலீஸ். பார்த்தவர்கள் சாயங்காலத்துக்குள் பார்க்காதவர்களாகிவிட்டார்கள். உடலைக் கொடுத்தால் கலவரம் வரும் என்று போலீஸ்காரர்களே எரித்தும் விட்டார்கள். கலவரம் அதற்கப்புறம்தான் வந்தது.

ஊரடங்கு போட்ட அன்று மத்தியானம் பின்கதவை யாரோ தட்டினார்கள். ஆஸ்பத்திரியில் துணி அள்ளுகிற பெண். அவளும் இவர்கள் நிறத்துக்காரிதான். அழுக்குத் துணி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஒரு பிளாஸ்டிக் பையை அவர் கையில் திணித்து, "உங்க வீட்டம்மாகிட்ட கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பாவம், அவளுக்கு அவள் உயிர் பயம்.

பைக்குள் வாலுவின் சட்டை இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது அக்கா எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. முதுகில், இடது தோளுக்குக் கீழே, விரல் நுழைகிற ஓட்டை. அதைச் சுற்றி ரத்தம் காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தது. ஓடும்போது பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. இஸ்திரி மேஜையில் தலையைச் சாய்த்து அழுதார். புரிந்ததை வைத்து என்ன செய்யலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்றுதான். மாடியில் மனைவி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறாளே, அவள் இந்த ஓட்டையைப் பார்க்கக் கூடாது.

வெளியே டயர் எரிந்தது. கண்ணாடி உடையும் சத்தமும், வீட்டுக்குள் போ என்று மிரட்டுகிற ஒலிபெருக்கியும் மாறி மாறிக் கேட்டன. அவர் ஷட்டரை இறக்கிவிட்டு, உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் சட்டையை ஊறவைத்தார். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, கறை கெட்டிப்பட்டுவிடும். மெஷினில் போட மனசு வரவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கையாலேயே அலசினார். தண்ணீர் தெளிகிறவரைக்கும் மாற்றி மாற்றி அலசினார். உலர்ந்ததும் உள்மடிப்பில் நூலை உருவி, ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டத்தோடு கட்டம் சேரவேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கோத்தார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. கடைசியாகக் கஞ்சி போட்டுத் தேய்த்து, ஹேங்கரில் மாட்டி, பாலித்தீன் உறையும் போட்டார். மச்சானுக்கு ஏதோ நம்மால் ஆனதைச் செய்தோம் என்று நெஞ்சு லேசானது.

மறுநாள் வாலுவின் வழக்கை எடுத்து நடத்த முன்வந்த வக்கீலம்மா மாடிக்கு வந்தாள், கண்ணாடிச் சில்லுகள் மேல் நடந்து. ஆஸ்பத்திரிப் பெண் அவளிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். போலீஸ் அறிக்கையில் நெஞ்சில் குண்டு என்று எழுதிவிட்டார்கள், உடலும் இல்லை, சாட்சியும் இல்லை, அந்தச் சட்டை ஒன்றை வைத்தே அவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்றாள். அத்தனை நாளும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மனைவி எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"சட்டை வந்துச்சா? என்கிட்ட சொல்லவே இல்லையே. போய் எடுத்துட்டு வாங்க."

அவர் கீழே போனார். ஹேங்கரோடு கொண்டுவந்து நீட்டினார். வக்கீலம்மா உறையை உருவி, சட்டையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணா செஞ்சீங்க?"

அவன் அக்கா மனசு தாங்காது என்று வெளுத்துத் தைத்துவிட்டேன் என்று அவர் திக்கித் திணறிச் சொன்னார். தையலைப் பிரித்துவிடட்டுமா, ஒரு நிமிஷ வேலை என்று கெஞ்சினார். வக்கீலம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பிரிச்சா நீங்களே போட்ட ஓட்டைன்னு சொல்லுவாங்க. பிரிக்காம விட்டா இது அவன் சட்டையே இல்லைன்னு சொல்லுவாங்க. ரத்தமாவது இருந்தா அவனோடதுன்னு காட்டியிருக்கலாம். அதையும் விடலையே நீங்க."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. முயற்சி பண்ணிப் பார்க்கிறேன் என்று ஒப்புக்குச் சொல்லிச் சட்டையை வாங்கிக்கொண்டு போனாள். விசாரணை சுருக்கமாக முடிந்தது. புத்தம்புதுச் சட்டையாட்டம் இருக்கிறதே என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்களாம். தற்காப்புக்காகச் சுட்டது என்று தீர்ப்பானதும் தெரு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை இன்னும் சில வீடுகளில் ஒப்பாரி கேட்டது. பிறகு தெரு அடங்கிப்போனது. ஸ்டேஷன் உடுப்புகள் வழக்கம்போல வெளுக்க வந்தன. அவற்றையும் வாங்கிக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்.

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனைவி அவரைத் திட்டவில்லை, அவரோடு பேசவும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் கடைக்கு இறங்கிவந்து, இஸ்திரி மேஜையில் சட்டையைக் குப்புற விரித்தாள். முதுகில் விரலால் தடவிக்கொண்டே போனாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

"எந்த இடம்னு மட்டும் காட்டுங்க. என் தம்பிக்கு எங்க வலிச்சிருக்கும்னு நான் தொட்டுப் பார்க்கணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். இடது தோளுக்குக் கீழே ஒவ்வொரு கட்டமாக நகத்தால் நெருடிப் பார்த்தார், உள்பக்கம் திருப்பியும் பார்த்தார். அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் தெரியவில்லை.