பம்ப் நல்லாத்தான் இருக்கு

"பம்ப் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார் மெக்கானிக்.

அவளுக்கு அங்கேதான் குழப்பம் தொடங்கியது. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாமே, நடுவில் அந்தத் 'தான்' எதற்கு?

காரைக் கொண்டுவந்தது டைமிங் பெல்ட் மாற்ற மட்டும்தான். என்ஜினுக்குள் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கிற ரப்பர் பட்டை அது. அறுந்துபோகும்வரை காத்திருக்காமல், ஓடவேண்டிய தூரம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். முன்பக்கம் முழுவதையும் கழற்றிப் போட்டபிறகு, அதே பெல்ட்டில் சுற்றி என்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர் பம்பையும் கூடவே மாற்றிவிடலாமா என்று இப்போது கேட்கிறார்.

"நல்லா இருக்கிறதை எதுக்குங்க மாத்தணும்?"

"மாத்தணும்னு நான் எங்க சொன்னேன்? மாத்தலாம்னேன்."

"அப்போ விட்டுடலாமா?"

"விடலாம். அப்படி விட்டவங்களும் ஓட்டிட்டுத்தான் இருக்காங்க."

இன்னொரு தான்.

"நாளைக்கு மலை ஏறி இறங்கணும். நடுவழியில நின்னுடாதுல்ல?"

மெக்கானிக் முழங்கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டார். கையெல்லாம் கிரீஸ். "பம்ப் இறுகிடுச்சுன்னா புது பெல்ட்டையும் அறுத்துட்டு என்ஜினையும் சாப்பிட்டுடும். ஆனா இறுகும்னு என்னால சொல்ல முடியாது. இறுகாதுன்னும் சொல்ல முடியாது. சில வண்டி முன்னாடியே முனகும். உங்க வண்டி ரொம்ப மரியாதையான வண்டி, வாயே திறக்கல."

"மாத்தினா இன்னைக்கே முடிஞ்சிடுமா?"

"பம்ப் வெளியூர்லேர்ந்து வரணும். நாளை மறுநாள்."

சிக்கல் அங்கேதான் இருந்தது. நாளைக்கு அக்காவுக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். திரும்பி வரும்போது அக்காவால் உட்கார முடியாது. முன்சீட்டை முழுதாகச் சாய்த்து, பிழிந்து போட்ட துணிபோலக் கிடப்பாள். ஒரே ஒருமுறை டாக்ஸியில் போனார்கள். வழியில் அக்கா வாந்தி எடுத்தாள். டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் கண்ணாடியில் தெரிந்த அவன் முகம் எல்லாவற்றையும் பேசிவிட்டது. இனி செத்தாலும் டாக்ஸியில் ஏறமாட்டேன் என்று அக்கா அன்றே சொல்லிவிட்டாள். ஆகவே நாளைக்கு இந்தக் கார் வேண்டும். நடுமலையில் நிற்காத காராகவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது போலிருந்தது.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"ஓடிட்டிருக்கிறதை ஏம்மா நோண்டுறே? கடைக்காரங்க அப்படித்தான் ஒண்ணைச் சொல்லி ஒண்ணை இழுப்பாங்க" என்றான். ஒரு நிமிடம் கழித்து அவனே திரும்பக் கூப்பிட்டான். "இல்ல, ஒருவேளை அவர் சொல்றதும் சரியா இருக்கலாம். நீயே பாத்து முடிவு பண்ணிக்க."

எதைப் பார்த்து? அவள் வண்டியருகே போனாள்.

"பம்பை நான் ஒருதடவை சுத்திப் பாக்கலாமா?"

"தாராளமா."

பம்பின் பல்சக்கரத்தில் விரல்களை வைத்துச் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. மறுபடி சுற்றியபோது எங்கோ ஓரிடத்தில் மணல் துகள்போல ஒன்று இடறியது. மூன்றாம்முறை அது இல்லை. இடறியது சக்கரமா, தன் விரலா? தேடினால் எதிலும் ஓர் இடறல் கிடைக்கும் மனசு அவளுடையது. பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறவள். பார்த்தபிறகும் பூட்டினோமா என்று யோசித்துக்கொண்டே படியிறங்குகிறவள்.

அக்காவின் ஒரு சிறுநீரகத்தை எடுத்த அன்று டாக்டரும் இதே குரலில்தான் சொன்னார். "இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு." அன்று எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அந்தத் 'தான்' காதில் விழுந்ததா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. விழுந்திருந்தால் மட்டும் என்ன? அது கூடவே மாற்றிவிடுகிற சாமானா? இந்தப் பம்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கை சக்கரத்தை விட்டு வரவில்லை.

"மாத்திடுங்க" என்றாள்.

சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மெக்கானிக் தலையாட்டிவிட்டு வெளியூருக்குப் போன் போடப் போனார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாயிற்று.

இனி அக்காவிடம் சொல்ல வேண்டும். டயர்கள் அடுக்கியிருந்த சுவரோரம் நின்று போன் செய்தாள்.

"அக்கா, கார் நாளைக்குக் கிடைக்காது."

"என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல. நல்லா இருக்கிற ஒண்ணை மாத்தச் சொல்லிட்டேன்."

"ஏண்டி?"

"தெரியல."

"செருப்பு வாங்கப் போய்க் குடையோட வந்தவதானே நீ." அக்கா மூச்சுவிடுவது கேட்டது. "சரி, நான் எதுல போறதாம்?"

"டாக்ஸி..."

அக்கா வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"இப்பவே போய் வேண்டாம்னு சொல்லிடவா? பெல்ட் மட்டும் போட்டா சாயங்காலம் வண்டி வந்துடும். நான் மெதுவா ஓட்டறேன்."

"நீ மெதுவா ஓட்டினா நான் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள குணமாயிடுவேன்."

"சொல்லுக்கா. வேண்டாம்னு சொல்லிடவா?"

"இரு, யோசிக்கிறேன்." பிறகு அக்கா கேட்டாள். "டாக்ஸின்னா நீ ஓட்ட வேண்டாம், இல்ல?"

"வேண்டாம்."

"அப்போ பின்னாடி என்கூட உக்காருவே."

"ஆமா."

"உன் மடி வெறும் எலும்பு. ஒரு தலகாணி எடுத்துட்டு வா. அந்த மூஞ்சியைச் சுளிச்சவனை மட்டும் கூப்பிடாதே, ஆமா."

இத்தனை நாள் பயணத்தில் அக்கா பக்கத்தில் கிடந்தும், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுத்து ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்க்க முடிந்ததில்லை. நாளை திரும்பும் வழி முழுவதும் அந்த முகம் மடியில் இருக்கும். அது நல்லதா, தாங்க முடியாததா என்று அவளுக்குப் புரியவில்லை.

"வேற டிரைவர் பாக்கறேன்" என்றாள்.