தம்பிக்குக் கனமே இல்லை

"இப்படியே விட்டா பேனெல்லாம் ஒண்ணா சேர்ந்து உன்னைத் தூக்கிட்டுப் போயிடும்டி" என்று மாமா சொன்னபோது ஆறு வயதுக்காரி சிரித்துவிட்டாள். தான் நல்ல கனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மறுநாள் அம்மா பேன்சீப்பைக் கழுவிக்கொண்டே, "சின்னவன் தலைக்கும் ஏறிடுச்சு" என்றதும் அவள் ஓடிப்போய் அவனைப் பார்த்தாள். பத்து மாதத் தம்பியை அப்பா ஒற்றைக் கையாலேயே தூக்கிவிடுவார்.

அம்மா துணி உலர்த்தப் போனதும், பாயில் தூங்கிய தம்பியின் ஒரு காலைத் தன் ரிப்பனால் கட்டில் காலோடு கட்டினாள். ஜன்னலைச் சாத்தினாள். அதுவும் போதாதென்று அவனுடைய இன்னொரு காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வாளியோடு திரும்பிய அம்மா பதறினாள். "அடிப்பாவி! குழந்தையை எதுக்குடி கட்டிவெச்சிருக்க?"

"பேன் தூக்கிட்டுப் போயிடும்மா. மாமா சொன்னாரு. இவனுக்குக் கனமே இல்ல."

அம்மா சிரிக்கவில்லை. மகள் தலையிலிருந்து ஒரு பேனைச் சீவியெடுத்து வெள்ளைத் தாளில் விட்டு, அதன்மேல் ஓர் அரிசியை வைத்தாள். பேன் காலை உதறியது. அரிசி அசையவில்லை.

"பாத்தியா? இதையே தூக்க முடியல. உன் மாமனுக்கு வாய்தான் நீளம்."

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிடியை மட்டும் விடவில்லை.

"இது ஒண்ணுதானேம்மா? மத்ததெல்லாம் சேர்ந்து வந்தா?"

அம்மா அவள் பின்னால் உட்கார்ந்து, மறுபடி சீவத் தொடங்கினாள்.