தொடுதிரையும் பச்சைப் பொட்டலமும்

கையை நீட்டித் தொட்டால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கிற கம்ப்யூட்டரை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா? வாங்குவான் என்று எங்கள் ஐந்தாம் தளத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். நம்பிவிட்டுப் போகட்டும். அதற்காக என்னைக் கொண்டுபோய் அடித்தளத்தில் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்களாம். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் கடை தைப்பேயில், சின்மிங் கணினி மாளிகையில், ஐந்தாம் தளத்தில் இருக்கிறது. லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் படுவது என் கடைதான். என் அப்பா மேம்பாலத்துக்கு அடியில் பாய் விரித்து ரேடியோ சாமான் விற்றவர். அங்கிருந்து லிஃப்ட் வாசல்வரை வந்து சேர எங்களுக்கு ஒரு தலைமுறை பிடித்தது. வாடிக்கையாளர் தேவையைச் சொன்னால் போதும். பெட்டி, மதர்போர்டு, மெமரி எல்லாம் பொறுக்கி, அவர் கண்ணெதிரே பூட்டி, கீபோர்டும் மவுஸும் வைத்துக் கையில் கொடுப்பேன். என்னைப் போல அசெம்பிள் செய்கிறவர்கள் லிஃப்ட் வாசலில் இன்னும் இரண்டு பேர். அடித்தளத்துக்குப் போனால் மூன்று பேரும் ஒழிந்தோம். சிறுநீர் கழிக்க வருகிறவன் மதர்போர்டு வாங்க மாட்டான்.

வந்த வினை இதுதான். அந்தப் பெரிய வெளிநாட்டுக் கம்பெனி அடுத்த மாதம் ஒரு புது இயங்குதளத்தை இறக்கப்போகிறது. மடிக்கணினி, மேசைக் கணினி எல்லாமே இனி விரலால் தொட்டு ஓட்ட வேண்டியவையாம். பழகிய பொத்தான்களை எடுத்துவிட்டுத் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக ஓடு பதித்து வைத்திருந்தார்கள், குளியலறைச் சுவர் மாதிரி. ஐந்தாம் தளம் முழுவதையும் ‘தொடு உலகம்’ என்று மாற்றினால் அலங்காரம், விளம்பரம் எல்லாம் தங்கள் செலவு என்று கம்பெனியின் உள்ளூர் விற்பனைப் பிரிவு ஆசை காட்டியது. ஒரே நிபந்தனை, லிஃப்ட் வாசல் அவர்களுக்கு வேண்டும்.

திங்கட்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால், தளத்துக்காரர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் முக்காலிகளில் கூடினோம். தலைமை, காவ் அக்கா. கேபிள் கடை வைத்திருப்பவர். தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க எவனுக்கும் துணிச்சல் வராததால் வருடா வருடம் தலைவியாகிறவர். கையில் எப்போதும் ஒரு கேபிள் சுருள் இருக்கும். சத்தம் கூடினால் அதை மேசையில் அடிப்பார்.

கம்பெனி தரப்பில் வந்தவன் வின்சென்ட் சூ. பிறந்தது எங்கள் ஊர்தானாம். நடக்கப் பழகியதிலிருந்து வான்கூவர். கோட்டு போட்டு, அதற்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தான்.

"நண்பர்களே, தொடுறதுங்கிறது மனுஷனோட இயல்பு," என்று ஆரம்பித்தான். "ரெண்டு வயசுக் குழந்தைகூட திரையைப் பார்த்தா தொடத்தான் போகும்."

"ரெண்டு வயசுக் குழந்தை இயல்பா இன்னும் என்னென்னமோ பண்ணும். அதனாலதான் டயப்பர் கட்டுறோம்," என்றேன்.

சிரித்தார்கள். கேபிள் சுருள் மேசையில் இறங்கியது.

"அ-லியாங்! உன் முறை வரும். அதுவரைக்கும் வாயில எதையாவது போட்டு மெல்லு."

எனக்கு எதிர்க்கடை ஃபான். மானிட்டர் வியாபாரி. தொடு உலகம் வந்தால் தொடுதிரை விற்றுக் கொழிக்கலாம் என்று கணக்குப் போட்டு முதல் நாளே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான். "வயித்தெரிச்சல் அண்ணே," என்று பக்கத்து முக்காலிக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். "ஸ்குரூ டிரைவர் பிடிச்ச கைக்கு விரல் நீட்டத் தெரியாதில்ல."

என் முறை வந்தது. எழுந்தேன்.

"ஃபானு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்தக் கையை இப்படி நேரா நீட்டு. ஆமா, எதிர்ல திரை இருக்கிற மாதிரி. நான் பேசி முடிக்கிற வரைக்கும் இறக்காத."

"எதுக்கு?"

"தொடு உலகத்துல வாழ்ந்து காட்டு."

எல்லோரும் பார்க்கிறார்கள், மறுத்தால் மானம் போகும். நீட்டினான். நான் அவசரமே படவில்லை. தண்ணீர் குடித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு பேச ஆரம்பித்தேன். கணக்குப்பிள்ளை நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். அவன் இரண்டு கையும் கீபோர்டில் இருக்கிறது. தொடுவதற்கு மூன்றாவது கையைக் கம்பெனி இலவசமாகத் தருமா? வறுவல் கடைக்காரியின் விரலில் பன்றிக் கொழுப்பு. அவள் தொட்டால் திரையிலேயே முட்டை பொரிக்கலாம். ஆயிரம் வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன், ஒருவனாவது "மவுஸ் வேண்டாம், என் தோள்பட்டை சும்மாதான் இருக்கிறது" என்று கேட்டதுண்டா?

ஃபானின் கை நடுங்கத் தொடங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். சட்டென்று இறக்கித் தோளைத் தேய்த்தான்.

"ஏன் இறக்கிட்ட?"

"கொசு கடிச்சுது."

"அஞ்சாவது மாடியில, ஏசிக்குள்ள!"

கூட்டம் என் பக்கம் சாய்வது தெரிந்தது. சூடு ஆறுவதற்குள் அடுத்ததைப் போட்டேன்.

"இன்னொண்ணு. நம்மகிட்ட வர்றவங்க வீட்டுல இருக்கிறது பழைய மெஷின். இதை அதுல ஏத்தினா மெமரி பத்தாது, மூச்சு வாங்கும். ரசீது அடிக்கிற பிரிண்டருக்கு இதுல வழியே கிடையாது. தொடுதிரை வெலை சாதாத் திரை மாதிரி மூணு பங்கு. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் மாத்துறதுக்காக வீட்டுச் சாமானையே மாத்தச் சொல்றீங்க. இது என்னய்யா நியாயம்? மருமகளுக்குப் பிடிக்கலைன்னு வீட்டையே இடிக்கிற கதையா இருக்கு!"

வின்சென்ட் கோபப்படவே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

"சார் பயப்படுறது புரியுது. ஆனா பழைய மெஷின்லயும் நல்லாவே ஓடும். அதைக் காட்டத்தான் நேத்து ராத்திரியே உங்க பொது கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம். தொடுதிரையும் மாட்டியாச்சு."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர்தான் பழுதுக்கு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறது. நான் பூட்டியது. ஒரு நாள் மக்கர் செய்ததில்லை.

"என் மெஷின்ல யாரைக் கேட்டுக் கை வெச்சீங்க?"

"என்னைக் கேட்டு," என்றார் காவ் அக்கா. "அது தளத்து மெஷின். நீ பூட்டினே, காசு வாங்கினே. பொண்ணைக் கட்டிக் குடுத்த மாதிரி மூக்கைச் சிந்தாத."

எல்லோரும் எழுந்து அந்தக் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். அதன் தலைமேல் வழக்கம்போலப் பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. தேங்காய் வாசனை போட்ட மக்காச்சோளப் பொரி. குழந்தையிடம் "சமத்தா இரு" என்று சொல்வோமே, அதுதான் அந்தத் தின்பண்டத்தின் பெயர். இயந்திரமும் சமத்தாக இருக்கட்டும் என்று வைப்பது. கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையிலும் இருக்கும், ஆஸ்பத்திரியிலும் இருக்கும். சாலை விளக்கு மாதிரி, ஓட வேண்டுமானால் பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சள் கூடவே கூடாது. தேதி காலாவதியாவதற்குள் மாற்ற வேண்டும். உள்ளே இருப்பதை யாரும் தின்னக் கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. என் கடையில் மூன்றே மூன்று பொட்டலம்தான் வைத்திருக்கிறேன்.

வின்சென்ட் பொத்தானை அமுக்கினான். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. அவன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினான். வட்டம் சுற்றியது. இளைய தலைமுறையைப் பற்றிப் பேசினான். வட்டம் சுற்றியது. கையிலிருந்த பேச்சு தீர்ந்துபோய், "முதல் தடவைங்கிறதால கொஞ்சம் நேரமாகும்," என்றான். வட்டம் அதற்கும் சுற்றியது.

"பார்த்துக்கோங்க!" நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "மெமரி பத்தலை! தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! நல்லா ஓடிக்கிட்டிருந்த குதிரை மேல யானையை ஏத்தி விட்டிருக்காங்க. இது எழுந்திரிக்கணும்னா..."

எனக்குப் பின்னால் மொறுக் என்று ஒரு சத்தம்.

எனக்கு எதிரே நின்ற முகங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் மாறின. பேட்டரி விற்கிற லின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபான் தோளைத் தேய்ப்பதை நிறுத்தினான். திரும்பிப் பார்த்தேன். வின்சென்ட் பச்சைப் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

"காலைல சாப்பிடலை," என்றான், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு. பொட்டலத்தை நீட்டினான். "யாருக்காவது வேணுமா?"

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஓடுகள் வந்து விழுந்தன. "ஆ, வந்தாச்சு!" என்று அதே விரலால் தொட்டான். பொரித்தூள் திரையில் ஒட்டியது, மிச்சம் கீழே உதிர்ந்தது. உதிர்ந்ததுதான் தாமதம். திரைக்குப் பேய் பிடித்துவிட்டது. எவனும் தொடாமலே கட்டங்கள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. வானிலை வந்தது, பாட்டு வந்தது, யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம் பெரிதாகிச் சிறிதாகிப் பெரிதானது. டோக்கன் அச்சடிக்கிற பிரிண்டர் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது.

"தின்னுட்டான்," என்றார் காவ் அக்கா. "நம்ம மெஷினோட பொட்டலத்தைத் தின்னுட்டான்."

"அதில்லக்கா!" எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதைவிட நல்ல நிரூபணம் எனக்கு எவன் தருவான்? "இந்தத் திரையோட ஓரச் சட்டத்துல கண்ணு மாதிரி உணரி இருக்கு. தூள் விழுந்தா அதை விரல்னு நெனச்சுக்கும். பொரித்தூளுக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாத திரையை வறுவல் கடையில மாட்டினா என்ன ஆகும்? அதுவும் ஏன் தின்னான்? காத்துக் காத்துப் பசிச்சுது. ஏன் காத்தான்? மெமரி பத்தலை! நான் சொன்ன ரெண்டும் ஒண்ணா..."

"வாயை மூடு அ-லியாங்!" கேபிள் சுருள் என் முதுகிலேயே விழுந்தது. அக்கா வின்சென்ட் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உன்னைப் பெத்தவ எதையும் சொல்லிக் குடுக்கலையா?"

"அம்மா வான்கூவர்ல இருக்காங்க, மேடம்," என்றான் அவன், நிஜமாகவே பதில் கேட்கிறார்கள் என்று நினைத்து.

லின் அவனை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தை விளக்கினாள். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தலையைக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டான். "இப்பவே புதுசு வாங்கிட்டு வர்றேன்," என்று லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடினான். கூட்டம் ஓரளவு இளகியது. ஃபான்கூட, "பாவம், தெரியாமப் பண்ணிட்டான். வெளிநாட்டுல வளர்ந்த பையன்," என்று சப்பைக்கட்டு கட்டினான். எனக்கு மறுபடி அடித்தளத்துக் கழிப்பறை நாற்றம் மூக்கில் ஏறியது.

வின்சென்ட் மூச்சிரைக்க வந்து, இரண்டு கையாலும் பயபக்தியோடு பொட்டலத்தை நீட்டினான்.

மஞ்சள்.

"பச்சை தீர்ந்துபோச்சாம்," என்றான். "இது கறி மசாலா. இதுவும் நல்லா இருக்கும்னாங்க."

முதலில் கத்தியது ஃபான். "மஞ்சளா! எங்களைக் கடையை இழுத்து மூடச் சொல்றியா? எடுத்துட்டுப் போய்யா அதை! என் மானிட்டர் பக்கம் காட்டாத!"

காவ் அக்கா ஓட்டெடுப்பு வைத்தார். தொடு உலகம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம். தளம் முழுக்கத் தூக்கியது. ஃபான் தூக்கினான், கொசு கடித்த அதே கையை.

நானும் தூக்கினேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அக்கா, ஒரு நிமிஷம். எதனால வேண்டாம்னு மினிட்ஸ் நோட்டுல சரியா எழுதணும். தோள் வலி, மெமரி, பிரிண்டர், வெலை..."

"எழுதிக்கலாம். 'பொட்டலத்தைத் தின்னுட்டான்'."

"அது காரணமே இல்லக்கா! அது வெறும் பொரி! நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினேனே!"

"நீ பேசினப்போ பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் இருந்தாங்க," என்றார். "உன் கடை உன் எடத்துல இருக்கு. ஜெயிச்சுட்டே. ஜெயிச்சவன் இப்படிச் சிணுங்கி நான் பார்த்ததே இல்ல. போய்ப் பழைய சிஸ்டத்தைத் திரும்ப ஏத்து. வர்றப்ப ஒரு பச்சைப் பொட்டலம் வாங்கிட்டு வா."

ஏற்றினேன். வாங்கிக்கொண்டும் வந்தேன். மூன்று கடை ஏறி இறங்கித் தேதி பார்த்து வாங்கினேன். அதை என் மெஷின் தலையில் வைத்தபோது தளமே கை தட்டியது. காலையிலிருந்து நான் பேசிய ஒரு வார்த்தைக்கும் ஒருவனும் கை தட்டவில்லை.

பிற்பகல் லிஃப்ட் கதவு திறந்தது. வின்சென்ட் நேராக என் கடைக்கு வந்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சார், ஒரு மவுஸ் வேணும்."

"எதுக்கு?"

"ஆஃபீஸ்ல ரெண்டு மாசமா தொடுதிரைதான்." வலது தோளைத் தொட்டுக் காட்டினான். "ராத்திரியில தூக்கமே வரலை."

அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். காலைக் கோபம் அத்தனையும் சேர்த்து இரண்டு மடங்கு விலை சொன்னேன். அநியாயம் என்று கத்துவான், நானும் கத்துவேன், பாதிக்கு வருவான், முக்காலுக்கு இழுப்பேன், ஃபானைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம், தோள் வலியிலிருந்து பொரித்தூள்வரை எல்லாவற்றையும் அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்கலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நின்றேன்.

அவன் பர்ஸைத் திறந்தான். சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்தான். நன்றி சொன்னான். போய்விட்டான்.

பேரம் பேசத் தெரியாத ஒருவன் மனிதனுடைய இயல்பைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வந்திருக்கிறான்!