லிகோன் கேட்ட நெருப்பு

பாழாய்ப்போன மழையில் ஆறு பெருகி, பாரசீகர் ஆண்ட சார்திஸ் நகரத்துக்குள் புகுந்து, வீட்டுக்கு வீடு அடுப்பை அணைத்துவிட்டது. அந்தத் தெருவில் மிஞ்சியது மேட்டிலிருந்த ஹுமயா வீட்டு நெருப்பு மட்டும்தான். மூச்சுகூடப் படக்கூடாதென்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு அவள் காப்பாற்றிய நெருப்பு.

அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக் கிரேக்கன் லிகோன் மண்சட்டியோடு வந்து நின்றான்.

"அப்பா போயிட்டார்க்கா. எரிக்கணும். ஒரு கங்கு குடு."

போன வருஷம் ஆற்றோடு போன ஹுமயாவின் மகள் ஸ்பிதாவை, தள்ளாத வயதில் குதித்து உயிரோடு தூக்கி வந்தவர் அந்தக் கிழவர். ஆனால் பிணத்தை நெருப்பில் போடுவது, நெருப்பைக் கும்பிடும் பாரசீகருக்கு மகாபாவம் ஆயிற்றே!

"மாட்டேன் தம்பி," என்றாள்.

கணவன் பகதாத் அவளை உள்ளே இழுத்தான். "எதுக்குன்னு கேக்காம குடுத்துடேன். குளிர்காய வாங்கிட்டுப் போனான்னு இருக்கட்டும்."

"தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி குடுத்தா அது பொய்யில்லையா? அவரையா நான் ஒரு பொய்யோட வழியனுப்பணும்?"

"நன்றிகெட்டவங்களா!" சட்டியை வாசலில் போட்டு உடைத்துவிட்டு லிகோன் போனான்.

ஹுமயா அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டு நாயை அவிழ்த்து அவன் வீட்டுக்கே இழுத்துப் போனாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே?"

"திட்டு. நான் போகமாட்டேன். எங்காளு செத்தா நாய் வந்து ஒடம்பைப் பாக்கணும், கெட்டது அண்டாது. உயிர் மூணு ராத்திரி இங்கதான் சுத்தும், தனியா விடக்கூடாது."

லிகோன் வேறு நெருப்பு கிடைக்காமல் அப்பாவை மலைச்சரிவில் புதைத்தான். முதல் இரவு அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். அவள் மூன்று இரவும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் விடியலில் அவனே கேட்டான். "இப்ப எங்கே இருப்பார்?"

"செத்தவங்க கடக்குற பாலத்துல. அது நல்லவங்களுக்கு அகலமாகும், கெட்டவங்களுக்குக் கத்தி மாதிரி சுருங்கும். செஞ்ச நல்லதெல்லாம் ஒரு பொண்ணா வந்து கூட்டிட்டுப் போகும்."

"எங்காளுங்க நல்லவன் கெட்டவன் எல்லாருக்கும் ஒரே இருட்டுக்குழிதான்னு சொல்வாங்கக்கா."

"உங்கப்பாவுக்கா? இருக்கவே இருக்காது!"

அறுவடைக்குப் பிறகு, கப்பலேறி வந்த சொந்தக்காரர்களிடம் லிகோன் தன் வாசலில் அந்தப் பாலத்தைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பாரு, உன் கதையைத் தன் கதையாக்கிட்டான்," என்று பகதாத் சிரித்தான்.

"சும்மா இரு, எனக்குக் கேக்கட்டும்."

"பாலத்துல அப்பாவைக் கூப்பிட வந்த பொண்ணுக்கு," என்றது லிகோனின் குரல், "பக்கத்து வீட்டு ஸ்பிதா முகம்."

ஹுமயா நெருப்புக்கு விறகு வைக்கப் போனாள். வாய்த்துணி கண்ணீரில் நனைந்துவிட்டது. வேறு துணி எடுத்துக் கட்டிக்கொண்டாள்.