முப்பது நாள் பதிவு

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு பவதாரிணி போன் செய்தாள். "மேடம், அந்த ஆக்சிடென்ட் லாரியோட கேமரா பதிவு வெள்ளிக்கிழமையோட முப்பது நாள் ஆகுது. சிஸ்டம் தானா அழிச்சிரும். அதுக்குள்ள ஒருதரம் நீங்க பாத்துருங்களேன்" என்றாள். கம்ப்யூட்டர் பிரிவில் அவள் ஒருத்திதான். தேவையில்லாமல் யாரையும் கூப்பிடுகிறவள் இல்லை. பாண்டீஸ்வரி படித்துக்கொண்டிருந்த ஒப்பந்தத்தை மூடிவைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் உள்ள அந்தக் குளிர்பதன லாரி கம்பெனியில் அவள் சட்ட அலுவலர். டி. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். உயர்நீதிமன்றக் கிளையில் ஏழு வருடம் ஜூனியராக இருந்துவிட்டு, சம்பள வேலைக்கு வந்தபோது வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சன்னதை நிறுத்திவைத்தாள். கோர்ட்டில் நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே இன்னும் நடக்காததைப் பற்றி யோசிப்பதுதான் வேலை. என்ன சட்டம் வரப்போகிறது, வந்தால் எங்கே இடிக்கும், அதற்குள் எந்தக் காகிதத்தைத் திருத்த வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலாளிக்கு எழுதிக் கொடுப்பாள். டிரைவர் கண் அசந்தால் கூவுகிற கேமராக்களை லாரிகளில் பொருத்தியபோது, தனிநபர் தகவல் பற்றிய புதுச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும் முன்பே அவள் ஒரு விதி எழுதினாள். எந்தப் பதிவும் முப்பது நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. டிரைவர்களைக் கூட்டி உட்காரவைத்து அதைத் தமிழில் வாசித்தும் காட்டினாள். தாங்கள் கொட்டாவி விடுவதும் மூக்கை நோண்டுவதும் காலத்துக்கும் யாரிடமோ கிடக்கும் என்று பயந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். இந்த வேலைக்கு வந்து தான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று அவளுக்கு ஒரு எண்ணம் இருந்தது.

பதிவில் இருந்தவர் கருத்தக்கண்ணன். நாற்பத்தாறு வயது, பழங்காநத்தத்துக்காரர், பதினோரு வருடமாக இங்கே ஓட்டுகிறவர். போன மாதம் ஒரு மதியம், நான்குவழிச் சாலையில் சாத்தூருக்கு அப்பால், மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் மேல் அவருடைய லாரி மோதியது. கால்நடை மருத்துவமனை உதவியாளர், அழகுபாண்டி என்று பெயர். அந்த இடத்திலேயே இறந்துபோனார். கருத்தக்கண்ணன் போலீஸ் ஸ்டேஷனில் தானாகவே "கண்ணு அசந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டார். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிவாகி, ஜாமீனில் வீட்டில் இருக்கிறார். வண்டிக்குள் கேமரா இருந்ததா என்று போலீஸ் கேட்கவில்லை. கம்பெனியும் சொல்லவில்லை.

திரையில் அவர் இமை தாழ்ந்தது. கேமரா கூவியது. தலையை உதறிக்கொண்டார். நாற்பது நிமிடத்தில் ஒன்பது தடவை கூவியது. ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவரே போன் போட்டார்.

"மாப்ள, நேத்துலருந்து ஒரே ஓட்டமா இருக்கேன். கண்ணு எரியுது. ஒரு மணி நேரம் ஓரங்கட்டிட்டு வாரேன்."

கண்ட்ரோல் ரூம் அருள்பாண்டியின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "மருந்துச் சரக்குண்ணே. நாலு மணிக்குள்ள எறக்கலைன்னா திருப்பி அனுப்பிருவாங்கெ. மூஞ்சியக் கழுவிட்டு ஓட்டுங்க. அந்தச் சத்தம் இங்கயுந்தான் கேக்குது, நான் என்ன செய்ய?"

கடைசிவரை பார்த்து முடித்ததும் பவதாரிணி மெதுவாகக் கேட்டாள். "இத அழியாம நிறுத்திவைக்கணும்னா உங்க மெயில் வேணும் மேடம். அனுப்புவீங்களா?"

"எம்.டி.கிட்டப் பேசிட்டு வாரேன்."

எம்.டி. ஷ்யாம் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. கருத்தக்கண்ணனை ஜாமீனில் எடுக்க ஆளைப் பிடித்து, ஸ்டேஷன் வாசலில் அரைநாள் தானே நின்றவர். பாண்டீஸ்வரி சொன்னதை முழுக்கக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வந்து நிற்பதைப் பார்த்தார்.

"நான் எதையும் அழிக்கச் சொல்லல மேடம். நீங்க எழுதுன பாலிசி. அதும்படி நடக்கட்டும்."

"நமக்குத் தெரிஞ்ச பிறகு அழிஞ்சா அது பாலிசி இல்ல சார். வழக்கு இருக்குன்னு தெரிஞ்சே சாட்சியத்த அழியவிட்டா அது தனிக் குற்றம். பவதாரிணி, நான், நீங்க, மூணு பேரும் பதில் சொல்லணும்."

"நமக்குத் தெரியும்னு யாருக்குத் தெரியும்?"

அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்குல்ல, யோசிப்போம்" என்று எழுந்துகொண்டார். யோசித்துக்கொண்டே இருந்தால் போதும், வெள்ளிக்கிழமை தானாக வந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அந்த மெயிலை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். நான்கு வரிகூட வராது. அனுப்பினால் வேலை போகலாம். சன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, முப்பத்தேழு வயதில் யாருடைய சேம்பரிலோ வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அனுப்பாவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவளை உறுத்தியது வேறொன்று. டிரைவர்களின் முகத்தைக் காப்பாற்றத்தான் முப்பது நாள் என்று எழுதினாள். இப்போது அதே வரி கம்பெனியின் முகத்தைக் காப்பாற்றப் போகிறது. எழுதியபோது இது தோன்றவே இல்லையே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. வரப்போவதை முன்கூட்டி யோசிப்பதற்காகவே வைத்திருக்கும் ஆள் அவள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஜெயக்கொடி வந்தாள், கருத்தக்கண்ணனின் மனைவி. வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள்.

"அவுகள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாகளான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் மேடம். வெளிய டீக்கடைல நிக்கிறாக. உள்ள வர மாட்டேங்குறாக."

"இன்னும் எதுவும் முடிவு பண்ணலக்கா. எப்படி இருக்காரு?"

"தூங்குனாருன்னுதான கேசு? இப்ப தூங்கவே மாட்டேங்குறாரு. கண்ண மூடுனா பதறிக்கிட்டு எந்திரிக்கிறாரு. செத்துப்போன அந்தாளு பொண்டாட்டியப் போயிப் பாக்கணும்ங்கிறாரு. நாந்தான் மறிச்சு வச்சிருக்கேன்." இஞ்ச் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "வண்டிக்குள்ள கேமரா இருந்துச்சுல்ல? அதுல என்னதான் இருக்கு?"

இருப்பதைச் சொல்ல பாண்டீஸ்வரிக்கு உரிமை இல்லை. கம்பெனிக்குள் பார்த்ததை வெளியே பேசக் கூடாது என்று எல்லா ஊழியர்களுக்கும் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். மேசை இழுப்பறையைத் திறந்து, டிரைவர்களுக்கு அன்று வாசித்துக் காட்டிய அறிவிப்பின் பிரதி ஒன்றை எடுத்தாள். நான்காவது பத்தியில் விரலை வைத்தாள். 'உங்களைப் பற்றிய பதிவின் பிரதியை நீங்கள் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம்.' சட்டத்தில் அந்த உரிமை முழுதாக அமலுக்கு வர இன்னும் நாள் இருந்தது. இன்றைக்கு இந்தக் கம்பெனியைக் கட்டிப்போடுவது இந்த ஒற்றை வரிதான்.

"இது அவரு கையெழுத்துப் போட்ட காகிதம். இதுல இருக்குறது மட்டுந்தான் நான் சொல்ல முடியும்."

ஜெயக்கொடி எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தாள். "இத எழுதுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே எடுத்துக் குடுக்க வேண்டியதுதான?"

"அவரு எழுதிக் கேட்டாத்தான்க்கா குடுக்க முடியும்."

ஜெயக்கொடி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே போனாள். கால் மணி நேரத்தில் திரும்பிவந்தாள். மூன்று வரி. கீழே கருத்தக்கண்ணனின் கையெழுத்து கோணலாக இருந்தது. பாண்டீஸ்வரி 'பெறப்பட்டது' முத்திரை குத்தி, தேதியும் மணியும் எழுதி, ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தாள். அவள் போன பிறகு பவதாரிணிக்கு மெயில் எழுதினாள். 'மேற்படி பதிவை மறு அறிவிப்பு வரும்வரை அழிக்கக் கூடாது.' ஷ்யாமுக்கும் ஒரு நகல் போட்டாள்.

ஷ்யாம் கூப்பிட்டு அனுப்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க கம்பெனி வக்கீலா, டிரைவர் வக்கீலா?"

"கம்பெனிக்குத்தான் சார். அவங்க எழுதிக் கேட்ட பிறகு இது அழிஞ்சா நம்மளால எந்திரிக்கவே முடியாது."

"அது சரி. அந்தப் பேப்பரு எப்படி வந்துச்சு?"

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். எந்த வரியைக் காட்டினாள் என்பதையும் சொன்னாள். ஷ்யாம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எங்கப்பா ஒத்த லாரிய வச்சு ஆரம்பிச்சாரு. அவரே ஓட்டுனாரு. தூக்கம் வந்தா நிப்பாட்டிருவாரு" என்றார். அதை ஏன் சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. "இந்த ஃபைல இனிமே சென்னை வக்கீல் பாக்கட்டும். உங்க விஷயத்த அப்புறம் பேசுவோம்."

சென்னை வக்கீல் வேறு வழியில்லை என்றுதான் சொன்னார். கேட்டதற்குப் பிரதி கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கும் முன் அலுவலகத்தில் ஒருமுறை போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கருத்தக்கண்ணன் வந்தார். சலவைச் சட்டை. யாரும் சொல்லாமலேயே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சாட்சியாக இருக்கும்படி பாண்டீஸ்வரியையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

தன் முகத்தை வேறு யாருடைய முகத்தையோ பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அருள்பாண்டியின் குரல் வந்தபோது மட்டும் "பாவம், அவனையும் நெருக்குவாங்கெல்ல" என்றார். பதிவு முடிய ஒரு நிமிடம் இருக்கையில் சென்னை வக்கீல், "இதோட நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் சார். ஓடட்டும்."

அந்தக் கேமராவுக்குச் சாலை தெரியாது. முகம் மட்டும்தான். திரையில் தாழ்ந்திருந்த கண்கள் சட்டென்று அகலத் திறந்தன. பாண்டீஸ்வரி பார்வையைக் கீழே தாழ்த்திக்கொண்டாள். மேசைக்கடியில் கருத்தக்கண்ணனின் வெறும் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்து, குதிகால் தூக்கி, முழங்கால்வரை நடுங்க அழுத்திக்கொண்டிருந்தது. திரை கறுத்து, வக்கீல் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டிய பிறகும் அவர் காலை எடுக்கவில்லை.