வெட்டாத களை

கோடையில் எங்கள் ஓடையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பக்கூடாது. என் அளவு நிலையம் சொல்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்குத் தண்ணீரின் உயரம் மட்டும்தான் தெரியும். அதை வைத்து, நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று கணக்குப் போட்டு இணையத்தில் ஏற்றிவிடும். ஜூனில் நீர்க்களை மண்டிவிட்டால், முடி அடைத்த குளியலறை மாதிரி தண்ணீர் தேங்கி உயரும். ஓடுவது கொஞ்சம், காட்டுவது நிறைய. யாராவது இறங்கி அளந்து, களைக்கென்று அந்தக் கணக்கிலிருந்து ஒரு கழிவு போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த யாராவது நான்தான்.

ஜூலை முதல் திங்களன்று நகராட்சிப் படகு வந்து களையை வெட்டிவிடும். ஒரு வருடமும் தவறியதில்லை. அந்தத் தைரியத்தில், அன்றிலிருந்து கழிவு வேண்டாம் என்று முன்கூட்டியே பதிந்துவிட்டு, மூன்று வாரம் தீவில் போய்க் காலை நீட்டிப் படுத்தேன். படகு பழுதாகிக் கிடந்தது எனக்குத் தெரியாது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

திரும்பி வந்தால் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. ஆர்னெயின் மீன் பண்ணையில் தண்ணீர் குறைந்து, டிரவுட் மீன் குஞ்சுகள் அத்தனையும் செத்திருந்தன. பண்ணைக்கு மேலே, என் நிலையத்துக்குக் கீழே, தோர்கில் தன் உருளைக்கிழங்கு வயலுக்கு ஓடையிலிருந்து பம்பு போடுகிறான். நிலையம் நூற்றெண்பது லிட்டருக்கு மேல் காட்டும்வரை, குறிப்பிட்ட அளவு எடுத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி உண்டு. நிலையமோ இருநூற்றுப் பத்து காட்டிக்கொண்டிருந்தது. மேலே அவ்வளவு தண்ணீர் வந்தும் பண்ணைக்கு வரவில்லையென்றால், நடுவில் உறிஞ்சியது யார் என்று ஆர்னெ கேட்டிருக்கிறான். ஊர் மன்றத்தில், வெள்ளிக்கிழமைப் பொதுச்சாப்பாட்டில், அத்தனை பேர் முன்னால் திருடன் என்றே சொல்லிவிட்டான். தோர்கில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவன், அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லையாம்.

ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினேன். களை இடுப்பைச் சுற்றியது. கரைக்குக் கரை கயிறு கட்டி, இருபது இடத்தில் நீரின் வேகத்தை அளந்தேன். நூற்று முப்பத்தொன்று. தப்பாக இருக்காதா என்ற ஆசையில் மறுபடி அளந்தேன். நூற்று முப்பத்துமூன்று. அனுமதி வரம்பான நூற்றெண்பதுக்கு வெகு கீழே.

இன்றிலிருந்து மட்டும் கழிவு போட்டால், போன மூன்று வாரத்தை யாரும் கிண்டப்போவதில்லை. என் பெயர் தப்பும், தோர்கில் திருடனாகவே இருப்பான். கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைத்தான் யோசித்தேன், வெட்கமில்லாமல். பிறகு பழைய தேதியிலிருந்தே திருத்தி, தவறு என்னுடையது என்று கீழே எழுதி அனுப்பினேன்.

நேராகத் தோர்கில் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கிழங்குக்கு இன்னும் பத்து நாள் தண்ணீர் வேண்டும். ஆனாலும் அவன் உடனே போய்ப் பம்பை நிறுத்தினான். வெள்ளிக்கிழமை மன்றத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன், நீயும் வா என்றேன். அவன் குழாயைச் சுருட்டத் தொடங்கினான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்னெ கரண்டியைக் கீழே வைத்தான்.

“அப்ப அவன் திருடலையா, பிர்த்தெ?”

“அனுமதிக்கு மேல ஒரு லிட்டர்கூட எடுக்கல ஆர்னெ. நான்தான் அளக்காம போயிட்டேன்.”

அவன் முகம் சிவந்தது. இனி என்னைத்தான் பிடித்துக் கிழிப்பான் என்று நின்றேன். அப்போதுதான் வாசலில் தொப்பியும் கையுமாகத் தோர்கில் நிற்பதைப் பார்த்தேன். வந்து எவ்வளவு நேரமானதோ.

“பிர்த்தெ மேலயே எல்லாத்தையும் போடாதீங்க,” என்றான். “என் பக்கம் களை கிடையாது. ரெண்டாவது வாரமே என் பம்புக் குழாய் காத்தை இழுத்துச்சு. தண்ணி இறங்கிருச்சுன்னு கண்ணால பார்த்தேன். நிலையம்தான் போதும்னு காட்டுதேன்னு, குழாயை இன்னும் ஆழத்துல தள்ளிப் போட்டேன்.”

எனக்கு அவன்மேல் கோபமே வந்தது. முழுசாகக் கழுவித் துடைத்துக் கொடுத்த பெயரை இப்படியா போட்டு உடைப்பது?

“அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் குஞ்சு பொழைச்சிருக்கும்டா,” என்றான் ஆர்னெ மெதுவாக.

“தெரியும்,” என்றான் தோர்கில். “அதைச் சொல்லத்தான் வந்தேன்.”